அண்ணன் எழுதிய கம்பைலர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறாயா? இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

"போன் பண்ணாதே, கடிதம் போடு, பதில் எழுதுகிறேன்" என்று நீ சொல்லிவிட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. இதுவரை பிறந்தநாளுக்கும் காய்ச்சலுக்கும்தான் எழுதினேன். இந்த முறை வேலை விஷயம். படித்ததும் மடித்து வைத்துவிடாதே.

புது இடத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. தையல் கூடம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், முதுகு வளைந்தவர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள் என்று அவரவர் உடம்புக்குத் தக்கபடி உடை தைக்கிறோம். ஒரு சட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. அளவைக் கொடுத்தால் துணியை எப்படி வெட்டுவது என்று கணக்குப் போடும் புரோகிராமை எங்கள் முதலாளியம்மா லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதி வைத்திருக்கிறார். "எழுதுற நேரத்தை விட அடைப்புக்குறி மூடுற நேரம் அதிகம்" என்று நீ கிண்டல் செய்வாயே, அதே லிஸ்ப்தான். ஆனால் துணி வெட்டும் இயந்திரத்தோடு பேச சி மொழிதான் தோது. ஒவ்வொரு சட்டைக்கும் லிஸ்ப் ஒரு புது சி புரோகிராமை எழுதித் தரும். அதை அங்கேயே, அப்போதே இயந்திரத்தின் கட்டளையாக மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். தனிக்குடித்தனம் நடத்தும் பெரிய கம்பைலர் சரிப்படாது. இன்னொரு புரோகிராமுக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும் சின்ன லைப்ரரியாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்றை எழுதிய ஆள் எனக்கு அண்ணனாக இருக்கும்போது நான் ஏன் வெளியே தேட வேண்டும்?

ஆகவே உன் கம்பைலரை லிஸ்பிலிருந்து கூப்பிடுவதற்கு ஓர் உறை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஆளுக்கொரு வேலை செய்யும் ஃபங்ஷன் மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் எதை வாங்கும், எதைத் தரும் என்று லிஸ்புக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு முடிந்தது. பத்தொன்பதில் மாட்டிக்கொண்டேன். தப்பு இருந்தால் உன் கம்பைலர் என் லிஸ்பைக் கூப்பிட்டு "இந்த வரியில் பிழை" என்று சொல்கிறது. சரி என்று வாங்கி வைத்துக்கொள்கிறேன். கடைசியில் எடுத்துப் படித்தால் ஒரே கிறுக்கல். ஏன்?

உன் தங்கை,
வாலு


ஜனவரி 25

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமா? அம்மாவைக் கீழ் அறைக்கு மாற்று. படிக்கட்டு இறங்கி வந்து சமாதானம் பேசாது.

வாலு என்று பெயர் வைத்தது நான்தான். முப்பத்தெட்டு வயதிலும் நீயே அப்படிக் கையெழுத்துப் போடுவாய் என்று நினைக்கவில்லை.

இங்கே ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை அப்படியே போகிறது. தினமும் எழுநூறு படுக்கை விரிப்பு. சூடான உருளைக்குள் ஒரு முனையை நான் கொடுப்பேன், மறுமுனையில் இன்னொருவர் வாங்கி மடிப்பார். எதிரெதிரே நின்றாலும் நாள் முழுக்கப் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் கிறுக்கலுக்குக் காரணம் சுலபம். கம்பைலர் தரும் செய்தி இரவல். சொல்லி முடித்ததும் அந்த இடத்தை அது வேறெதற்கோ எடுத்துக்கொள்ளும். நீ வாங்கி வைத்தது செய்தியை இல்லை, செய்தி இருந்த இடத்தின் விலாசத்தை. கூப்பிட்ட அந்தக் கணத்திலேயே எழுத்தெழுத்தாக நகல் எடுத்துவிடு.

இன்னொன்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ நல்ல லைப்ரரிகள் வந்திருக்கும். இது பழையது. வேறு ஏதாவது பாரேன்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? நீ எழுதமாட்டாய், ஆனால் லாண்டரி ஆவியில் நிற்பவனுக்கு இருமல் இல்லாமல் இருக்காது.

நகல் எடுத்தேன், கிறுக்கல் போயிற்று. முப்பத்தொன்றும் முடிந்தது. லிஸ்பில் ஒரு வரி தட்டினால் உன் கம்பைலர் எழுந்து உட்கார்ந்து வேலை செய்கிறது. முதலாளியம்மா கைதட்டினார்.

வேறு லைப்ரரி வேண்டாம். எங்கள் கட்டிங் மேசை பழைய இயந்திரம், இன்னொரு கம்பெனி கழித்துவிட்டது. அதற்குள்ளேயே உன் கம்பைலரின் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஒரு கோளாறு. லிஸ்புக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். மெமரியில் யாரும் தொடாத பொருளைத் தானே பெருக்கித் தள்ளிவிடும். அப்படித் தள்ளும்போது உன் கம்பைலரிடம் "இந்தக் கட்டளை இனி வேண்டாம், அதன் மெமரியை விடுவித்துவிடு" என்று சொல்லும்படி வைத்திருந்தேன். அந்தக் கட்டளை இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கம்பைலரோடு நீ எழுதி வைத்த குறிப்பில் தெளிவாக இருந்தது: "எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம். ஓடிக்கொண்டிருந்தாலும் பாதுகாப்பானதே." நம்பினேன்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அடுத்த சட்டையின் அளவை ஏற்றினேன். நின்றிருந்த கத்தித் தலை ஒரு முழம் நகர்ந்தது. பயப்படாதே, கத்தியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதித்தேன்.

செக்கிங்கில் பிசிறு நறுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், இரண்டு மேசை தள்ளி. அவர் எழுந்து வந்துவிட்டார்.

"இப்ப நகர்ந்துச்சே, நீ பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"பொத்தான் அழுத்தித்தானே இருந்துச்சு?"

"ஆமாக்கா. அழுத்தித்தான் இருந்தது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"சிவப்பு இன்னும் எரியுது பாருங்க."

திரும்பிப் போய்ப் பிசிறு நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

இது ஏன் இப்படி ஆகிறது, அண்ணா?

வாலு


பிப்ரவரி 13

வாலுக்கு,

பழைய பிரதியை அழித்துவிடு. கடைசியாக வெளிவந்த பிரதியை எடுத்துக்கொள்.

கத்தியை மாட்டாதே. மின்சாரத்தை அணைத்து, பூட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் யாரும் அந்த மேசைக்குள் கை நீட்டக் கூடாது. யாருமே. இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணா,

நலமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் ஒரே வாரத்தில் வந்தது. அதுவே அதிசயம். அடியில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறாய். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். "அந்த அக்கா" என்பது மட்டும் தெரிகிறது.

சொன்னபடி செய்தேன். சுவரில் ஒட்டியாயிற்று, பூட்டும் போட்டாயிற்று. புதுப் பிரதியில் இருநூறு முறை சோதித்தேன். தலை இம்மியும் அசையவில்லை. பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாறியிருப்பது ஒன்பதே வரி. ஒரு கட்டளையை இப்போது யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லை என்றான பிறகுதான் விடுவிக்கிறது. அழகாக எழுதியிருக்கிறாய்.

மேலே நீ போட்டிருக்கும் குறிப்பு: "சிறு திருத்தம்." அதன் கீழே தேதி.

அந்தத் தேதி எனக்கு மறக்காது. முந்தின நாள்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வருகிறேன் என்று சொன்ன நீ இரண்டு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வேலையை விட்டுவிட்டேன் என்றாய். அம்மா கண்கட்டோடு "ஏன்டா?" என்று கேட்டதற்கு "பிடிக்கலைம்மா" என்றாய்.

ஒரே ஒரு கேள்வி. அந்த ஒன்பது வரியை ஏன் அன்றைக்கு எழுதினாய்?

வாலு


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரமாகிவிட்டது. லாண்டரிக்கே போன் செய்தேன், கோபித்துக்கொள். உன் சூப்பர்வைசர் எடுத்தார். "நல்லாத்தான் இருக்காரும்மா. லீவுகூட எடுக்கறதில்ல, ரெண்டு ஷிஃப்ட் பாக்குறாரு. கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நானும் மறைத்தேன். செக்கிங் அக்காவுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. உன் பழைய கம்பெனியில் கட்டிங் மேசையில் இருந்தபோது போனது. இங்கே சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். நான் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது. நீ வேலையை விட்டதற்கும் அவர் விரலுக்கும் தொடர்பு உண்டா என்று உன்னிடம் நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், கம்பைலரைச் சாக்கு வைத்து எழுத ஆரம்பித்தேன்.

அன்று கத்தித் தலை நகர்ந்ததிலிருந்து அவர் என்னை விடவில்லை. போன வாரம் கை கழுவும் இடத்தில் நிறுத்திக் கேட்டார்.

"மெஷின் நிக்குதுன்னு விளக்குச் சொன்னாலும் நகருமா? உண்மையைச் சொல்லு."

"அந்தப் பழைய பிரதியில நகரும்க்கா."

குழாயை மூடாமல் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்:

"நான் பொத்தானை அழுத்தாமக் கையை விட்டேன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டாங்க. அழுத்தினேன்னு சொன்னேன், கேக்கல. அதுக்கப்புறம் எந்த மெஷின்லயும் உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. அது போகட்டும். ஏழு வருஷமா, அழுத்தலையோன்னு நானே நெனச்சுக்கிட்டிருக்கேன். வீட்ல கத்தியை எடுத்தாலே என் பொண்ணு 'அம்மா, பாத்து'ங்குறா. நானும் ஆமா, நம்ம கவனம் சரியில்லதான்னு கீழ வெச்சிடுறேன்."

அண்ணா, அவருக்கு நடந்த தேதியைக் கேட்டேன். உன் ஒன்பது வரிக்கு முந்தின நாள்.

எழுது. எதை எழுதினாலும் நான் உன் தங்கைதான்.

வாலு


ஏப்ரல் 29

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்பே எனக்குத் தெரியும். வேறெதையோ சோதிக்கும்போது கண்ணில் பட்டது. "விடுவித்தல், பார்க்க வேண்டும்" என்று துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தேன். வெறும் சோம்பல்தான்.

அன்று மதியம் டிசைன் அறையில் அடுத்த அளவை ஏற்றியிருக்கிறார்கள். "அசையாதே" என்ற கட்டளை ஓடிக்கொண்டிருந்த இடத்தை என் கம்பைலர் விடுவித்துவிட்டது. அதே இடத்தில் "நகர்" என்ற கட்டளை வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள் ஒன்பது வரி எழுதி, சிறு திருத்தம் என்று பெயரும் வைத்தேன். என்ன பெயர் வைப்பது என்று அரைமணி நேரம் யோசித்தேன், வாலு. திருத்துவதற்கே அவ்வளவு நேரம் ஆகவில்லை.

அதற்கு அடுத்த நாள் நடந்த விசாரணையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். அவர் கட்டுப் போட்ட கையோடு எதிரே இருந்தார். "அழுத்தினேன் சார், சிவப்பு எரிஞ்சுது" என்றார். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "மென்பொருள்ல ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார். "நான் பார்த்தவரைக்கும் ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அந்த வேலையை நானே அன்றே விட்டேன். உலகத்தில் என் பெயர் போட்டு நான் செய்த ஒரே பொருள் அந்தக் கம்பைலர். அதில் தப்பு இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. அவருடைய விரல் போனது என் சோம்பலால். அவர் பேச்சு எடுபடாமல் போனது என் பெருமையால்.

இதை அவரிடம் சொல்லிவிடு. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்ல வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் முதலாளியம்மாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய தங்கை என்பதையும். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அவர் கத்தவில்லை. "அப்ப நான் அழுத்தினேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் கையைப் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார். கொஞ்சம் கழித்து அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணனை எனக்குக் கடுதாசி எழுத வேணாம்னு சொல்லு. எவங்க முன்னாடி இல்லன்னு சொன்னாரோ அவங்களுக்கு எழுதச் சொல்லு. அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்."

சொல்லிவிட்டேன்.

வாலு


ஜூன் 14

ஐயா,

வணக்கம். நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். எனக்கு இன்னும் அந்த மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று விசாரணை நடத்திய பாதுகாப்பு அலுவலகத்துக்கு நீங்கள் எழுதிய வாக்குமூலத்தின் நகலை உங்கள் தங்கை கொடுத்தார். முழுக்கப் படித்தேன். மெமரி, விடுவித்தல் எல்லாம் அவர் இரண்டு தேநீர்க் கோப்பையை வைத்து விளக்கினார், புரிந்தது. திருத்த வேண்டியது இரண்டு இருக்கிறது.

முதல் பக்கத்தில் என் வலது கை என்று எழுதியிருக்கிறீர்கள். இடது கை.

இரண்டாம் பக்கத்தில், "தவறு என் கம்பைலரில் இருந்திருக்கலாம்" என்று இருக்கிறது. ஏழு வருடமாக நான் "அழுத்தாமல் இருந்திருக்கலாம், கவனிக்காமல் இருந்திருக்கலாம்" என்று பிழைத்தவள். அந்த "லாம்" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்போது எதற்கு அது? எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டிங் மேசையில் இருந்தவள்


ஜூன் 23

அம்மா,

வணக்கம்.

இடது கை என்று திருத்தினேன். அன்று எதிரே உட்கார்ந்திருந்தும் நான் உங்களைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எந்தக் கை என்றுகூடத் தெரியவில்லை.

"தவறு என் கம்பைலரில் இருந்தது. விசாரணையின்போதே எனக்கு அது தெரியும். இயக்கியவர் பொத்தானை அழுத்தியிருந்தார்." இப்படி மாற்றிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் பதினாறாம் தேதி நேரில் வந்து படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் நீங்கள் வரவேண்டியதில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அதே வரிகளைத்தான் படிப்பேன்.

வாலுவின் அண்ணன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். அம்மா கீழ் அறைக்கு மாறிவிட்டாள். நீ வந்து கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னதைப் பற்றி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் "அவனுக்குச் சட்டை லூசா இருந்துதே, பாத்தியா?" என்றாள். அவ்வளவுதான் இதுவரை.

பதினாறாம் தேதி அலுவலகத்தில் நீ படித்து முடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டாய். கடைசி வரிசையில் அக்கா தன் மகளோடு உட்கார்ந்திருந்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. "இயக்கியவர் பொத்தானை அழுத்தியிருந்தார்" என்று நீ படித்தபோது அந்தப் பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்திலிருந்து போன வாரம் தாள் வந்தது. பழைய ரிப்போர்ட்டில் அக்கா பொத்தானை அழுத்தவில்லை என்ற வரியை நீக்கிவிட்டார்கள். அவர் மறுபடி இயந்திரத்தில் உட்காரலாம். உன் மேல் என்ன நடவடிக்கை என்று இன்னும் சொல்லவில்லை. வந்தால் வரட்டும் என்று நீ சொன்னதை நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. காலையில் அக்கா கட்டிங் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஆறு அடுக்குத் துணி விரித்தோம். பாதி வெட்டியதும் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. "இப்ப அளவை மாத்து" என்றார். மாற்றினேன். "இன்னொண்ணு." மாற்றினேன். லிஸ்பிடம் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளச் சொன்னேன். பத்து முறை. தலை நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கப்புறம்தான் மின்சாரத்தை அணைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, துணியில் விழுந்திருந்த சுருக்கத்தை இடது கையால் நீவிவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன வேடிக்கை? அடுத்த சட்டையை ஏத்து" என்று அதட்டினார். சாயங்காலத்துக்குள் பதினாறு சட்டை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு உங்க அண்ணன் அப்படியே போயிட்டாரே, ஏதாவது சாப்பிட்டாரா?"

"தெரியலக்கா."

"நான் கேட்டேன்னு எழுதிடாத."

எழுதிவிட்டேன். பதில் போடு, அவரிடம் சொல்ல வேண்டும்.

உன் தங்கை,
வாலு